எபாக்சி போட்ட போர்டு மக்கர் பண்ணினால்: அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

எல்ஈடி தெருவிளக்கு டிரைவர், மோட்டார் பேனலுக்குள் இருக்கும் கன்ட்ரோல் போர்டு, மொட்டைமாடி டாங்க் சென்சார், சார்ஜர் என்று எபாக்சி (ரெசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகிப்போகிற பிசின்) ஊற்றிய சரக்கு எது சர்வீஸுக்கு வந்தாலும் கூடவே ஒரு கேள்வியும் வரும்: "இந்த எபாக்சி சரியில்லீங்க, நல்ல இன்சுலேஷன் இருக்கிற பிராண்டா ஒண்ணு சொல்லுங்க." பிராண்டை மாற்றினால் மட்டும் தீர்கிற கோளாறு ரொம்பக் குறைவு. சாதாரண எபாக்சியின் மின்தடைத் திறன் 10-இன் 14-ஆம் அடுக்கு ஓம்-சென்டிமீட்டர் வாக்கில் இருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஊற்றினால் அதன் குறுக்கே ஒரு கோடி மெகாஓம் வருகிறது. அந்த இடத்தில் உங்கள் மெகர் (அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷனை அளக்கிற மீட்டர்) 2 மெகாஓம் காட்டுகிறது என்றால் கரண்ட் போவது எபாக்சி வழியாக இல்லை. ஈரத்தின் வழியாகவோ, சாலிடர் பிடிக்க வைக்கிற ஃபிளக்ஸின் கசடு வழியாகவோ, ஒட்டாமல் விட்ட இடைவெளி வழியாகவோ, சரியாக வேகாத, அதாவது முழுதாக இறுகாத கலவை வழியாகவோ போகிறது. இந்த நாலில் எது என்று பிடித்துவிட்டால் அடுத்த முறை எதை வாங்குவது என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், 500 வோல்ட் மெகர், 0.1 கிராமாவது காட்டுகிற சின்னத் தராசு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஹேர் டிரையர், ஒரு வெப்பமானி. மல்டிமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு இன்சுலேஷன் பார்க்காதீர்கள். அதன் பேட்டரி வோல்டேஜில் ஓப்பன் என்று காட்டுவது 230 வோல்ட்டில் ஓப்பனாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். மெயின்ஸ் போர்டில் பெரிய கெப்பாசிட்டர் 325 வோல்ட் வரை பிடித்து வைத்திருக்கும், அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். மெகரை லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே போட்டால் போர்டு போய்விடும். இரண்டையும் சேர்த்துக் கட்டி, அதற்கும் பாடிக்கும் நடுவே போடுங்கள். பாடிக்குப் போகிற எம்ஓவி (வோல்டேஜ் எகிறினால் கடத்துகிற பாதுகாப்புப் பாகம்) இருந்தால் ஒரு காலைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மெகர் 500 வோல்ட் கொடுக்கும்போது அதுவே கடத்தி உங்களை ஏமாற்றும்.

அப்புறம் ஒரு பழக்கம். ஒவ்வொரு முறை கலக்கும்போதும் மிச்சத்தை ஒரு பாட்டில் மூடியில் ஊற்றி, தேதி எழுதி வைத்துவிடுங்கள். கீழே வரும் பாதிப் பரிசோதனைகள் அந்த மூடியை வைத்துத்தான்.

அறிகுறி 1: மறுநாள் ஆகியும் கெட்டியாகவில்லை

மூடியில் இருக்கிற சாம்பிளை நகத்தால் அழுத்துங்கள். என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

*எல்லா இடமும் ரப்பர் மாதிரி இருந்தால்:* விகிதம் தப்பு. பெரும்பாலும் எடைக்கும் கன அளவுக்கும் நடுவே நடக்கிற குழப்பம்தான். கடையில் இரட்டை டியூபாக வருவது சமஅளவு கலப்பது, பாட்டிங்குக்கு, அதாவது போர்டு மூழ்க ஊற்றுவதற்கு, டப்பாவில் வருகிற ரெசின்-ஹார்டனர் எடைக்கு 100-க்கு 10, 100-க்கு 12 என்கிற மாதிரி இருக்கும். இதில் கண்மதிப்பு வேலைக்கு ஆகாது. 20 கிராம் ரெசினுக்கு ஹார்டனர் 2 கிராம்தான், அதில் அரை கிராம் கூடினாலே கால் பங்கு அதிகம். "சீக்கிரம் காயட்டும்னு ஹார்டனர் கொஞ்சம் தூக்கலா விட்டேண்ணா" என்பது நான் அடிக்கடி கேட்கிற வாக்குமூலம். ஹார்டனர் கூடினால் சீக்கிரம் காயாது. ரெசின் கிடைக்காமல் மிஞ்சிய ஹார்டனர் அப்படியே உள்ளே தங்கி, ஈரத்தை இழுத்து, பின்னால் லீக்கேஜாகத் திரும்பி வரும். இந்த நிலையில் சூடு காட்டிப் பயனில்லை, மொத்தத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டியதுதான்.

*அங்கங்கே மட்டும் பிசுபிசுப்பு, மற்ற இடம் கல் மாதிரி:* விகிதம் சரி, கலக்கியது போதவில்லை. கப்பின் சுவரிலும் அடி மூலையிலும் ஒட்டிய ரெசின் கலக்காமலே வந்து கொட்டியிருக்கிறது. ஒரு கப்பில் கலக்கி, இன்னொரு சுத்தமான கப்புக்கு மாற்றி மறுபடி கலக்கினால் இந்தப் பிரச்சினை போயே போய்விடும். முதல் கப்பைக் கடைசிச் சொட்டு வரை சுரண்டி ஊற்றுகிற சிக்கனம்தான் இங்கே வினை. முனையில் சுருள் மிக்ஸர் வைத்த கார்ட்ரிட்ஜ் பயன்படுத்தினால் முதலில் வருகிற கொஞ்சத்தைப் பேப்பரில் விட்டுவிடுங்கள்.

*உள்ளே கெட்டி, மேலே மட்டும் மெழுகு பூசிய மாதிரி வழவழப்பு:* மழைக்காலத்து நோய். ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஊற்றினால், அமீன் வகை ஹார்டனர் காற்றில் இருக்கிற ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து மேலே ஒரு படலம் கட்டும். தின்னர் போட்டுத் துடைத்தால் அது ஒழுங்காகப் போகாது, இழுபட்டுப் பரவும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பச்சை நிற ஸ்க்ரப்பரால் தேய்த்து, நன்றாக உலர்த்துங்கள். முக்கியமாக, இந்தப் படலத்துக்கு மேல் இரண்டாவது கோட் ஊற்றாதீர்கள். ஒட்டாது, நடுவில் ஈரம் தேங்க ஒரு தளம் கிடைத்துவிடும்.

*இன்னும் மெதுவாகக் காய்கிறது, அவ்வளவுதான்:* ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றாலோ ஏசி அறை என்றாலோ காத்திருங்கள். தோராயமாக 10 டிகிரி குறைந்தால் நேரம் இரட்டிப்பாகும். 50 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துப் பாருங்கள், இறுகினால் கவலை இல்லை.

டப்பாவிலேயே ரெசின் வெள்ளை வெள்ளையாக, உறைந்த தேங்காய் எண்ணெய் மாதிரி திரிந்திருந்தால் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கி எறிய வேண்டாம். குளிரில் படிகமானது அது. மூடியைத் தளர்த்தி 50, 60 டிகிரி வெந்நீரில் டப்பாவை நிறுத்தி, தெளியும் வரை விட்டு, ஆறிய பின் பயன்படுத்தலாம். உள்ளே தண்ணீர் மட்டும் போகக் கூடாது.

அறிகுறி 2: நன்றாகக் காய்ந்துவிட்டது, ஆனாலும் கரண்ட் கசிகிறது

இதில்தான் அதிகம் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஆர்சிசிபி (கசிவு வந்தால் சப்ளையை வெட்டுகிற சுவிட்ச்) ட்ரிப் ஆகவில்லை, அதனால் கசிவு இல்லை என்று நினைக்க வேண்டாம். 30 மில்லிஆம்ப் போக வேண்டும் என்றால் கசிவுத் தடை 8 கிலோஓமுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். அதற்கு முன்பே போர்டு செத்திருக்கும். மெகரில் பாருங்கள். நன்றாகக் காய்ந்த எபாக்சி ஊற்றிய, சுத்தமான போர்டு நூற்றுக்கணக்கில் மெகாஓம் காட்டும், பல சமயம் மீட்டரின் எல்லையைத் தாண்டிவிடும். ஒற்றை இலக்க மெகாஓம் வந்தால் தேட வேண்டியதுதான்.

*முதலில் சாம்பிளை அளவுங்கள்.* மூடியில் இருக்கிற கட்டியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் மெகரின் இரண்டு முனையையும் அழுத்துங்கள். சாம்பிளே குறைவாகக் காட்டினால் கலவையில் தப்பு, அறிகுறி 1-க்குப் போங்கள். சாம்பிள் எல்லையைத் தாண்டி, போர்டு மட்டும் குறைவு என்றால் எபாக்சியை விட்டுவிடுங்கள், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

*மழை நாளில் மட்டும் வருகிறதா?* ஹேர் டிரையரால் பத்து நிமிடம் மிதமான சூடு காட்டி மறுபடி மெகர் போடுங்கள். அளவு ஏறினால் மேற்பரப்பு ஈரம். தூசியும் அந்த மெழுகுப் படலமும் சேர்ந்து ஈரத்தைப் பிடிக்கிறது. தண்ணீரால் கழுவி, ஐசோபுரொப்பைலால் துடைத்து, உலர்த்தினால் நிறைய போர்டு இதோடு பிழைத்துவிடும். செலவு பூஜ்யம் என்பதால் இதை முதலில் செய்யச் சொல்கிறேன். சூடு காட்டியும் அசையவில்லை என்றால் ஈரம் உள்ளே போய்விட்டது அல்லது கசடு இருக்கிறது.

*ஃபிளக்ஸ் கசடு.* சாலிடர் வைத்துவிட்டு ஃபிளக்ஸைக் கழுவாமல் மேலேயே எபாக்சி ஊற்றுகிற வழக்கம் பல இடத்தில் உண்டு, கேட்டால் "எபாக்சி தான் மூடிடுதே" என்பார்கள். மூடுகிறது, கூடவே கசடையும் உள்ளே சிறை வைக்கிறது. அந்த இடத்தில் எபாக்சி போர்டோடு ஒட்டுவதும் இல்லை. ஈரம் மெல்லப் புகுந்து, இரண்டு பேடுக்கு (சாலிடர் வைக்கிற செம்புப் புள்ளி) நடுவே டிசி வோல்டேஜ் இருந்தால் செம்போ ஈயமோ சின்ன வேர் மாதிரி ஒரு பேடிலிருந்து இன்னொன்றுக்கு வளரும். எபாக்சி தெளிவானதாக இருந்தால் லூப் (சின்னப் பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தாலே பச்சைக் கறையும் வேரும் தெரியும். துத்தநாக குளோரைடு இருக்கிற ஆசிட் ஃபிளக்ஸ், அதாவது தகர வேலைக்கு வைப்பது, போர்டில் பட்டிருந்தால் அந்தப் போர்டைக் காப்பாற்ற நினைக்காதீர்கள்.

சரி, எபாக்சியே ஊற்றாத போர்டிலும் இதே அறிகுறி வரும். பழைய ஆம்ப்ளிஃபையர், டிவி, எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) திறந்தால் பெரிய கெப்பாசிட்டர்களின் அடியில் ஒரு பசை இருக்கும். புதிதில் வெளிர் மஞ்சள், ரப்பர் மாதிரி. வருடக்கணக்கில் சூடு பட்டுக் காப்பித்தூள் நிறத்துக்கு வந்து நொறுங்கும், அப்போது அது கரண்டைக் கடத்தவும் செய்யும், பக்கத்து ரெசிஸ்டர் கால்களையும் ஜம்பரையும் அரிக்கவும் செய்யும். கெப்பாசிட்டர் ஒழுகிவிட்டது என்று நல்ல கெப்பாசிட்டரை மாற்றிவிட்டு, பசையை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. பசையைப் பொடியாகச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, அரித்த கால்களை மாற்றுங்கள். அந்த இடத்தில் திரும்ப எதையாவது வைக்க வேண்டும் என்றால் நியூட்ரல் க்யூர் சிலிகான் போதும். குளியலறைக்கு வைக்கிற, காடி வாசம் வருகிற சிலிகானை எந்தக் காரணத்துக்காகவும் போர்டில் வைக்காதீர்கள். அது விடுகிற அசிட்டிக் அமிலம் செம்பைத் தின்னும்.

*என்ன எபாக்சி போட்டார்கள் என்று கேளுங்கள்.* சாம்பல் நிற ஸ்டீல் எபாக்சி என்றால் உலோகத் தூள் கலந்தது. காய்ந்ததும் மல்டிமீட்டர் ஓப்பன் காட்டலாம், அதை நம்பி மெயின்ஸ் பேடுகளுக்கு நடுவே வைக்க முடியாது. குழாய் அடைக்கிற புட்டி கையால் பிசைவது, போர்டை நனைத்துப் பிடிக்காது, அடியில் காற்று நிற்கும். 5 நிமிட டியூப் வகை பெரும்பாலும் மெர்கேப்டன் ஹார்டனர், அழுகிய முட்டை வாசம் லேசாக வரும், ஈரத்துக்கும் சூட்டுக்கும் தாங்காது. பொம்மைக்கும் வீட்டுக்குள் இருக்கிற 12 வோல்ட் வேலைக்கும் அது போதும். வெளியில் நிற்கிற மெயின்ஸ் போர்டுக்கு வாங்காதீர்கள். டேட்டாஷீட்டில் எலெக்ட்ரிக்கல் அல்லது பாட்டிங் கிரேட் என்று இருப்பதாக, தீப்பிடிக்காமைக்கு யூஎல் 94 வி-0 இருப்பதாக, 24 மணி நேரம் காய்கிற வகையாகக் கேட்டு வாங்குங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டாலும் டேட்டாஷீட் காட்ட முடியாதவரிடம் வாங்க வேண்டாம்.

எப்போது விட வேண்டும்: கசிவு டிரான்ஸ்ஃபார்மரின் முதல் பக்கத்துக்கும் இரண்டாம் பக்கத்துக்கும் நடுவே இருந்தால் நிறுத்துங்கள். சார்ஜர் மாதிரி கையில் பிடிக்கிற சாதனத்தில் அது உயிர் விஷயம். போர்டை மாற்றுவதுதான் பதில்.

அறிகுறி 3: ஹீட்சிங்கைத் தொட்டால் சுருக்கென்கிறது

மோஸ்ஃபெட்டையோ ரெகுலேட்டரையோ எபாக்சி வைத்து, சூட்டை வெளியே விடுகிற அலுமினிய ஹீட்சிங்கில் ஒட்டியிருக்கிறார்கள், தொட்டால் டெஸ்டர் எரிகிறது. இரண்டு காரணம், இரண்டுக்கும் ஆபத்தில் வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம், அதனால் முதலில் பிரித்தாக வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரை இறக்கி, டேபுக்கும் (அந்தப் பாகத்தின் பின்னால் இருக்கிற உலோகத் தகடு) ஹீட்சிங்குக்கும் நடுவே மெகர் போடுங்கள். எல்லையைத் தாண்டினால் ஒட்டிய இடம் நன்றாக இருக்கிறது. சுருக்கென்பது, மெயின்ஸ் பக்கத்துக்கும் பாடிக்கும் நடுவே இரைச்சலைக் குறைக்க வைக்கிற ஒய் கெப்பாசிட்டர் வழியாக வருவது. 2200 பிகோஃபாரட் ஒன்று 230 வோல்ட்டில் 0.16 மில்லிஆம்ப் விடும், ரெண்டு பின் பிளக்கில் அது போக இடமின்றிப் பாடியில் நிற்கும். மூன்று பின் பிளக்கும் உருப்படியான எர்த்தும் கொடுத்தால் தீர்ந்தது.

மெகர் குறைவாகக் காட்டினால் எபாக்சிப் படலம் கிழிந்துவிட்டது. டிஓ-220 வகையில் பின்னால் இருக்கிற உலோக டேப் பெரும்பாலும் மோஸ்ஃபெட்டின் டிரெய்ன் என்கிற காலோடு சேர்ந்தது, மெயின்ஸ் எஸ்எம்பிஎஸில் அங்கே 325 வோல்ட்டும் அதற்கு மேலும் துள்ளும். எபாக்சி தாங்குமா? மில்லிமீட்டருக்கு 15, 20 கிலோவோல்ட் தாங்கும் என்று டேட்டாஷீட் சொல்லும். ஆனால் கிளிப் போட்டு இறுக்கினால் மில்லிமீட்டர் எங்கே இருக்கிறது? பசை ஓரத்துக்குப் பிதுங்கிப்போய் நடுவில் மைக்ரான் கணக்கில்தான் மிஞ்சும், அலுமினியத்தில் துளை போட்ட இடத்துப் பிசிறு ஒன்று நின்றால் அது டேபைத் தொட்டுவிடும். விரலை வைத்துத் துளை ஓரத்தைத் தடவுங்கள், நெருடினால் அதுதான் ஆள்.

செய்ய வேண்டியது: பிசிறை எண்ணெய்க்கல்லில் தேய்த்து எடுத்து, மைக்காவோ பாலிமைடு ஃபிலிமோ நடுவில் வைத்துத்தான் ஒட்ட வேண்டும், அல்லது 0.1, 0.2 மில்லிமீட்டர் கண்ணாடி மணிகள் கலந்த எபாக்சியாக வாங்க வேண்டும். அந்த மணி இடைவெளியைக் காப்பாற்றும். வெப்பமும் போக வேண்டும் என்பதால் சாதாரண எபாக்சி இங்கே சரிப்படாது, அதன் வெப்பக் கடத்தல் மீட்டர்-கெல்வினுக்கு 0.2 வாட்தான். அலுமினா கலந்தது 1 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே கொடுக்கும், மின்சாரத்தையும் விடாது. வெள்ளித் தூள் கலந்தது வெப்பத்தை இன்னும் நன்றாக விடும், ஆனால் மின்சாரத்தையும் விடும். இரண்டையும் மாற்றி வாங்கிவிட வாய்ப்பிருக்கிறது, ஆர்டர் போடுவதற்கு முன் டேட்டாஷீட்டில் மின்தடைத் திறனைப் பாருங்கள். கையால் தொடக்கூடிய உலோகத்துக்கும் மெயின்ஸுக்கும் நடுவே பசை மட்டும்தான் காவல் என்கிற டிசைனை நான் திருப்பி அனுப்பிவிடுவேன், எர்த் இல்லாமல் அதை ஓட்டக் கூடாது.

அறிகுறி 4: வெயில் ஏறினால் பெயர்ந்து வருகிறது, இளகுகிறது

காலையில் கல், மதியம் ரப்பர். இதற்கு டேட்டாஷீட்டில் டிஜி (Tg) என்கிற ஒற்றை எண்ணைப் பார்த்தால் போதும். அந்த வெப்பநிலைக்கு மேல் எபாக்சி இளகும், விரிவும் இரண்டு மூன்று மடங்கு கூடும். அறை வெப்பத்திலேயே காய்ந்த எபாக்சிக்கு டிஜி பெரும்பாலும் 50, 60 டிகிரிதான். எல்ஈடி டிரைவர் லேபிளில் tc என்று, பெட்டியின் சூட்டை அளக்க ஒரு புள்ளியும் அதற்கு உச்ச வெப்பநிலையும் போட்டிருப்பார்கள், 75, 80, 90 என்று. சித்திரை வெயிலில் கம்பத்தின் மேல் நிற்கிற பெட்டி அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். சாம்பிள் மூடியை 70 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, உடனே ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் அந்த எபாக்சி அந்த வேலைக்கு ஆகாது.

செலவில்லாத வழி: இன்னொரு சாம்பிளை 60-லிருந்து 80 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி அதே வெந்நீர்ப் பரிசோதனை. இறுகியிருந்தால் எபாக்சி நல்லது, முழுதாக வேகாமல் இருந்திருக்கிறது. இனி ஊற்றுகிற எல்லாப் போர்டையும் அப்படிச் சூட்டில் வைத்து எடுங்கள், போர்டில் இருக்கிற பாகங்கள் அந்தச் சூட்டைத் தாங்கும் என்று உறுதி செய்த பிறகு. சமையல் அடுப்பு, ஓவன் எதையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள், பிறகு அதில் சாப்பாடு வைக்க முடியாது. இறுகவில்லை என்றால் வெப்பத்தில் காய்கிற வகைக்கு மாறுவது தவிர வேறு வழி இல்லை.

மிதமான சூட்டிலேயே தகடாகப் பெயர்ந்தால் அது டிஜி இல்லை, அடிப்பரப்பு. எண்ணெய், விரல் ரேகை, சிலிகான் ஸ்ப்ரே. சிலிகான் ஸ்ப்ரே அடித்த பெஞ்சில் எபாக்சி வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி 5: வெடிப்பு, அல்லது ஊற்றிய பிறகு ஒரு பாகம் செத்துவிட்டது

கெட்டியான எபாக்சி டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 50-லிருந்து 80 பங்கு விரியும், போர்டு 15 பங்கு, செராமிக் கெப்பாசிட்டர் இன்னும் குறைவு. தினமும் சூடாகிக் குளிரும்போது இந்த இழுபறியில் எது பலவீனமோ அது உடையும். பெரும்பாலும் கண்ணாடி உறை டையோடு, செராமிக் கெப்பாசிட்டர், ஃபெரைட் கோர். ஃபெரைட் உடையாவிட்டாலும் எபாக்சி சுருங்கி அழுத்துவதால் இண்டக்டன்ஸ் மாறும், எஸ்எம்பிஎஸ் கீச்சென்று கத்த ஆரம்பித்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

வெடிப்பு கெட்டியான மூலையில் தொடங்கினால் மூலையை வளைவாக்குங்கள். கலந்த ஃபில்லர் அடியில் படிந்திருந்தால் மேலே சுருக்கம் அதிகம், டப்பாவை அடி வரை கிளறிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்படியும் உடைந்தால் நெகிழ்வான எபாக்சி அல்லது பாலியூரித்தேன், அதுவும் போதாதென்றால் சிலிகான் என்று மென்மையான பக்கம் நகருங்கள். ஃபெரைட்டைச் சுற்றி முதலில் சிலிகான் பூசிவிட்டு மேலே எபாக்சி ஊற்றுவதும் உண்டு, என்ன, சிலிகான் மேல் எபாக்சி ஒட்டாது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் தலையில் கூட்டல் குறி மாதிரி கீறியிருப்பது அழுத்தம் வெளியேற. அதை மூடாதீர்கள், மூடினால் அடி ரப்பர் வழியாகப் பீறிடும். ஃபியூஸ், ட்ரிம்பாட், ஓட்டை இருக்கிற ரிலே, இவற்றுக்கு மேலும் ஊற்ற வேண்டாம்.

அறிகுறி 6: டாங்க் காலி, கன்ட்ரோலர் மட்டும் நிறைந்துவிட்டது என்கிறது

நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ப்ரோப்பை எபாக்சியில் முக்கி டாங்க்கில் தொங்கவிட்டிருப்பார்கள், சில மாதத்தில் மோட்டார் ஓடவே மாட்டேன் என்கிறது. கன்ட்ரோலர் பார்ப்பது தண்ணீரின் தடையைத்தான், அது கிலோஓம் கணக்கில் இருக்கும், ஆகவே ப்ரோப் வயர்களுக்கு நடுவே அந்த அளவு கசிவு வந்தாலே டாங்க் நிறைந்ததாக எடுத்துக்கொள்ளும்.

கன்ட்ரோலரில் சென்சார் வயரைக் கழற்றிப் பாருங்கள். மோட்டார் கிளம்பினால் போர்டு நல்லது. பிறகு ப்ரோப்பை வெளியே எடுத்து, துடைத்து, காற்றில் தொங்கவிட்டு வயர்களுக்கு நடுவே அளவுங்கள். மல்டிமீட்டரே போதும் இங்கே. தடை குறைவாகவே நின்றால் வெளியில் அழுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், உப்புத் தண்ணீர் ஊரில் ப்ரோப் மேல் படிகிற வெள்ளைப் படிவமே கடத்தும். எலுமிச்சையோ வினிகரோ போட்டுக் கழுவினால் போகும்.

கழுவியும் போகவில்லையா, தண்ணீர் வயருக்குள் போய்விட்டது. பிவிசி மேல் எபாக்சி சுமாராகத்தான் ஒட்டும், பாலித்தீன், டெஃப்லான், சிலிகான் வயர் மேல் ஒட்டவே ஒட்டாது. எபாக்சிக்கும் வயர்த் தோலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி, அதன் வழியாகவும், பல இழை வயர் என்றால் இழைகளுக்கு நடுவேயும் தண்ணீர் ஊர்ந்து மேலே ஏறும். வயரைச் சீவிப் பாருங்கள், செம்பு கறுத்திருந்தால் கறுப்பு முடிகிற இடம் வரை வெட்டி எறியுங்கள்.

திரும்பச் செய்யும்போது தோலை ஒரு சென்டிமீட்டர் சீவி, திறந்த இழைகளைச் சாலிடரால் கெட்டியாக நிரப்பி, மீதித் தோலை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, துடைத்து, அந்தச் சாலிடர் பகுதி முழுவதும் எபாக்சிக்குள் வருகிற மாதிரி ஊற்றுங்கள். வயர் வளைகிற இடம் எபாக்சியின் விளிம்பாக இருக்கக் கூடாது, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டுத் தாங்குங்கள். குடிதண்ணீர் டாங்க்கில் போடுவதாக இருந்தால் குடிநீருக்குச் சான்று பெற்ற எபாக்சியாகக் கேளுங்கள், முழுதாக வேகாத எபாக்சி தண்ணீரில் இறங்கும். போர்வெல்லுக்குள் இறங்குகிற சப்மெர்சிபிள் கேபிள் ஜாயின்ட் இந்த வைத்தியத்துக்குள் வராது, அதற்குரிய ஜாயின்ட் கிட்டும் அதைச் செய்து பழகிய ஆளும் வேண்டும்.

அறிகுறி 7: குமிழி

12 வோல்ட் போர்டில் குமிழி அழகுப் பிரச்சினை. சில நூறு வோல்ட்டைத் தாண்டினால் விஷயம் வேறு, காற்று மில்லிமீட்டருக்கு 3 கிலோவோல்ட்தான் தாங்கும், எபாக்சியில் அது பல மடங்கு. குமிழிக்குள் சின்னச் சின்னதாகப் பொறிந்து சுவரைக் கரிக்கும்.

காரணம் எளிதிலிருந்து: வேகமாகக் கலக்கியது, உயரத்திலிருந்து ஒரே இடத்தில் கொட்டியது, போர்டு ஈரமாக இருந்தது, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்குள் காற்று. போர்டை 60, 70 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே, ஒரு மூலையிலிருந்து நூல் மாதிரி மெல்லிசாக ஊற்றுங்கள். மேலே வந்த குமிழி ஹேர் டிரையர் பட்டதும் உடையும். சுற்றுக்குள் இருப்பதை எடுக்க வேக்வம் சேம்பர் வேண்டும். இக்னிஷன் காயில், மின்வேலி எனர்ஜைசர் மாதிரி கிலோவோல்ட் சரக்கு வேக்வம் இல்லாமல் செய்யவே கூடாது, அந்த வசதி இருக்கிற பட்டறையிடம் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 8: கப்பிலேயே கொதித்துப் புகைகிறது

அளவு அதிகம். 100 கிராமுக்குச் சொன்ன நேரம் 300 கிராமுக்குப் பொருந்தாது, மே மாதத்தில் இன்னும் குறையும். புகைய ஆரம்பித்தால் கப்பை வெளியே மணல் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், புகையைச் சுவாசிக்காதீர்கள். சின்னச் சின்னதாகக் கலக்குங்கள், கலந்ததை உயரமான கப்பில் வைக்காமல் தட்டில் பரப்புங்கள், ஆழமான பெட்டி என்றால் இரண்டு மூன்று அடுக்காக ஊற்றுங்கள்.

அறிகுறி 9: ஊற்றியதைப் பிரித்தெடுக்க வேண்டும்

எபாக்சியைக் கரைக்கிற பாதுகாப்பான திரவம் என்று ஒன்று இல்லை. பெயின்ட் ரிமூவரில் மெத்திலீன் குளோரைடு இருந்தால் வேலை செய்யும், கூடவே போர்டையும் உங்கள் நுரையீரலையும் சேர்த்துக் கவனித்துக்கொள்ளும். ஹாட் ஏர் கன்னை 120 டிகிரி வாக்கில் வைத்து, இளகிய இடத்தை மூங்கில் குச்சியாலோ பிளாஸ்டிக் கத்தியாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுங்கள். சாதாரண ஈயச் சாலிடர் 183 டிகிரியில் உருகும், ஈயமில்லாதது 217, அதற்குப் பக்கத்தில் போனால் எபாக்சியோடு பாகமும் கழன்று வரும். கருகுகிற வாசம் வந்தால் சூடு அதிகம், ஜன்னலைத் திறங்கள். நைட்ரைல் கையுறை கட்டாயம். கையில் பட்டால் தின்னரால் துடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஹார்டனருக்கு ஒரு முறை தோல் அலர்ஜி வந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க அந்த வேலைக்குக் கிட்டவே போக முடியாது.

ஃபில்லர் கலந்து கறுப்பாக, 150 டிகிரியிலும் இளகாமல் இருக்கிறது என்றால் வெப்பத்தில் காய்ந்த தொழிற்சாலை வகை. அதற்கு மேல் சூடு ஏற்றாதீர்கள், அந்தக் கூலிக்குப் புது டிரைவரே வாங்கிவிடலாம். லித்தியம் பேட்டரி பேக்கில் ஊற்றியிருப்பதை எந்த வெப்பநிலையிலும் பிரிக்க முயல வேண்டாம், தயாரித்தவரிடமே அனுப்புங்கள்.